குதிரை டிரெய்லர் ஜாக்கி: கைப்பிடி சுற்றுகிறது, மூக்கு எழும்பவில்லை

தேவனாம்பட்டினம்
ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

என்னிடம் இரண்டு குதிரைகள். ஒன்று மார்வாரிப் பெட்டை, இன்னொன்று கலப்பு ஆண். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம் என்று நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் வரை போய் வருவோம். முன்பெல்லாம் வாடகைக்குச் சின்ன லாரி பிடித்து, ஏதாவது மேட்டில் பின்பக்கத்தை அணைத்து ஏற்றுவோம். நான்கு வருடத்துக்கு முன் ஆரோவில் பக்கத்தில் ஒருவர் விற்ற இரண்டு குதிரை டிரெய்லரை வாங்கினேன். பொலிரோவில் மாட்டி இழுக்கிறேன். அதில் வரும்போது குதிரைகள் பதறாமல் வந்து சேர்கின்றன. அதற்காகவே அந்த வண்டி மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இன்று பண்ருட்டியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பினோம். குதிரைகளை இறக்கிக் கட்டிவிட்டு, டிரெய்லரைக் கழற்றலாம் என்று முன்மூக்கில் இருக்கிற ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினேன். நான்கு விரல் உயரம் ஏறியது. அப்புறம் உள்ளே கடக் கடக் என்று சத்தம். கைப்பிடி சுற்றுகிறது, மூக்கு எழும்பவில்லை. இன்னும் ரெண்டு சுற்று சுற்றினேன், ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். பொலிரோவை விட்டு டிரெய்லர் இன்னும் கழறவில்லை, அப்படியே நிற்கிறது.

பக்கவாட்டில் கைப்பிடி உள்ள ஜாக்கி, 2000 பவுண்டு என்று மேலே பொறித்திருக்கிறது. ஊரில் ஒரு கடையில் போனில் கேட்டேன். "அதெல்லாம் ரிப்பேர் ஆகாது, புதுசு போட்டுடுங்க, வர மூணு வாரம் ஆகும்" என்றார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போக வேண்டும், கையில் இருப்பது பதினைந்து நாள். இதைத் திறந்து பார்க்கலாமா?

வில்லியனூர் லாயம்
ஞாயிறு, இரவு 9.48

தம்பி, முதலில் ஒன்று. குதிரைகளை இறக்கிய பிறகுதானே ஜாக்கியைத் தொட்டீர்கள்? அதுவே பாதி நல்லது. இனி அதைச் சரிசெய்யும் வரை அந்த டிரெய்லரில் குதிரை ஏறக் கூடாது, வண்டியில் மாட்டியிருந்தாலும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் லாயத்தில், வண்டியில் மாட்டாமல் ஜாக்கி மேல் நின்ற டிரெய்லரில் ஒரு குதிரையை ஏற்றிப் பழக்கினோம். நான் அங்கேதான் நின்றேன், நானும் தடுக்கவில்லை. அது சாய்பலகையில் முன்னங்கால் வைத்ததும் பின்பக்கம் அமுங்கி, முன்மூக்கு ஜாக்கியோடு அந்தரத்தில் எழுந்துவிட்டது. குதிரை பின்னால் துள்ளியது, மூக்கு மறுபடி தொப்பென்று இறங்கியது. முழங்கால் கிழிந்து, குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் குதிரை டிரெய்லரைப் பார்த்தாலே வியர்த்து நின்ற ஆறு மாதத்தை நான் மறக்கவில்லை. தினமும் சாய்பலகையில் கொள்ளு வைத்து, ஒரு காலடி, ரெண்டு காலடி என்று பழக்கிக் கொண்டுவந்தோம்.

மாட்டுவண்டியில் மாட்டை அவிழ்த்ததும் நுகத்தடிக்கு முட்டு கொடுக்கிறோம். டிரெய்லருக்கு இந்த ஜாக்கியும் அப்படித்தான். வெறும் வண்டி நிற்பதற்கு ஒரு முட்டு, அவ்வளவே. உயிரை அதன் மேல் நிறுத்தக் கூடாது.

மேட்டுப்பாளையம் லேத்
ஞாயிறு, இரவு 10.30

அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். சக்கரம் நான்குக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பொலிரோவின் பந்துக் கொக்கியிலேயே மாட்டி இருக்கட்டும். முன் முக்கோணச் சட்டத்துக்கு அடியில் நல்ல இரும்பு ஸ்டாண்டு ஒன்று கொடுங்கள். செங்கல் அடுக்க வேண்டாம், செங்கல் திடீரென்று நொறுங்கும். ஜாக்கியின் காலில் துளி எடையும் இல்லாத பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இனி ஜாக்கிக்கு வருவோம். பார்க்கத்தான் பெரிய சாமான் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம்தான். கைப்பிடித் தண்டின் முனையில் ஒரு சின்ன கூம்புப் பல்சக்கரம். அது திருப்புகிற பெரிய பல்சக்கரம், நிற்கிற மரைத் தண்டின் தலையில் உட்கார்ந்திருக்கும். தண்டின் தலைப்பக்கத்தில் ஒரு த்ரஸ்ட் பேரிங், அதாவது எடையைத் தாங்கிக்கொண்டே தண்டைச் சுற்ற விடுகிற உருண்டைத் தாங்கி. டிரெய்லர் மூக்கின் முழு எடையையும் அதுதான் தாங்குகிறது. மரைத் தண்டு சுற்றும்போது, உள்குழாயோடு சேர்ந்த நட்டு மேலும் கீழும் போகும். அந்த நட்டுதான் காலைத் தள்ளுகிறது.

மேல்மூடியின் ஸ்குருவைக் கழற்றிவிட்டு ஒருவரைக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லுங்கள், டார்ச் அடித்து நீங்கள் உள்ளே பாருங்கள். சின்னச் சக்கரமே சுற்றவில்லை என்றால் கைப்பிடியின் பின் (குறுக்கே கோத்த ஆணி) போயிற்று. சின்னது சுற்றுகிறது, பெரியது தாவித் தாவி நிற்கிறது என்றால் பல் போயிருக்கலாம். இல்லாவிட்டால் பேரிங் அமுங்கி, பெரிய சக்கரம் இடம் மாறி, பல் சரியாகக் கவ்வாமல் இருக்கலாம். பெரிய சக்கரம் சுற்றித் தண்டு சும்மா நின்றால், சக்கரத்தையும் தண்டையும் பிணைக்கிற பின் அறுந்திருக்கிறது. தண்டும் சுற்றுகிறது, கால் மட்டும் அசையவில்லை என்றால் நட்டு மரை தேய்ந்துவிட்டது. நான்கில் அதுதான் பெரிய வேலை.

கடக் கடக் சத்தமும், ஒரு விரல் இறங்கியதும் பார்த்தால் பேரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பண்ருட்டி டிராக்டர்
திங்கள், காலை 6.15

நமக்குக் குதிரை தெரியாது, பலாப்பழ லோடு ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லர்தான். எங்கள் டிரெய்லரிலும் திருகு ஜாக்கி உண்டு. இந்த மாதிரி பின் அறுந்தபோது சக்கரத்தையும் தண்டையும் சேர்த்து ஒரு வெல்டு வைத்தோம். ரெண்டு வருடம் ஓடியது. செலவு கம்மி, அரை மணி நேர வேலை.

மேட்டுப்பாளையம் லேத்
திங்கள், காலை 7.05

அண்ணே, உங்கள் டிராக்டர் ஜாக்கி உருக்குச் சக்கரம் போட்ட பழைய கனமான சாமானாக இருக்கும், அதனால் தாங்கியிருக்கிறது. இந்த மாதிரி ஜாக்கிகள் பலவற்றில் சக்கரம் உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டது. அதில் வெல்டு வைத்தால் பிடித்த மாதிரி இருக்கும், பக்கத்திலேயே முடி அளவு வெடிப்பு விடும். எடை ஏறும்போது இரண்டாகப் பிளக்கும்.

இன்னொன்று, அந்தப் பின் முதலில் அறுபட வேண்டிய பொருள். யாராவது ஜாக்கியைக் கடைசி வரை ஏற்றிவிட்டு அதற்கு மேலும் பலத்தோடு சுற்றினால், விலை குறைந்த பின் போய், விலை கூடிய பல்லைக் காப்பாற்றும். வெல்டு வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பின்னுக்குப் பதில் உயர்தர போல்ட்டைத் துண்டு போட்டு அடிப்பதும் அதே தப்புதான். பழைய பின் என்ன கனமோ அதே கனத்தில் ஸ்பிரிங் பின் போடுங்கள்.

ஜாக்கிக் குழாயில் துத்தநாக முலாம் இருக்கும். அதை வெல்டு வைத்தாலும் கிரைண்டர் வைத்தாலும் வருகிற வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். பட்டறையில் வேலை பழகிய காலத்தில் எனக்கே வந்திருக்கிறது. வீட்டில் யாரும் மூடிய இடத்தில் செய்ய வேண்டாம்.

பண்ருட்டி டிராக்டர்
திங்கள், காலை 7.20

சரி தம்பி, பொடி உலோகம் எனக்குப் புதுச் சேதி. எங்கள் சக்கரம் வார்ப்பு மாதிரிதான் இருந்தது. வெல்டு யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தேவனாம்பட்டினம்
செவ்வாய், இரவு 8.40

திறந்துவிட்டேன். இன்று மதியம் முழுக்க அதே வேலை.

மூடியின் நான்கு ஸ்குருவில் இரண்டு வரவே இல்லை. டபிள்யூடி 40 அடித்து ஒரு மணி நேரம் விட்டு, இம்பாக்ட் ஸ்குரு டிரைவரால் ஒரு தட்டு தட்டியதும் வந்தது. மூடியைத் தூக்கியபோது முதலில் கண்ணில் பட்டது கிரீஸ் இல்லை, குளவி கட்டிய மண்கூடு. கைப்பிடித் தண்டு நுழைகிற ஓட்டை வழியாகப் போயிருக்கிறது. அதற்குக் கீழே காப்பித் தூளைத் தண்ணீரில் குழைத்த மாதிரி ஒரு பசை. விரலால் வழித்துப் பார்த்தேன், துருவும் பழைய கிரீஸும் மணலும். கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். பெரிய சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஆடியது. சாய்கிற இடத்தில் பல் ஒன்றையொன்று தாவியது. அதுதான் அந்தக் கடக்.

பின்னைத் தட்டி எடுத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். லேத் அண்ணன் சொன்னபடியே பேரிங். கூண்டுத் தகடு துண்டு துண்டாகக் கிடந்தது. ஐந்து உருண்டை மட்டும் கையில் வந்தது, அதிலும் இரண்டு பாதியாக உடைந்தவை. மீதி அந்தப் பசைக்குள் அரைபட்டுப் போயிருக்க வேண்டும். பல் மூன்றின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, உடையவில்லை. பின் அறுபடவில்லை, ஆனால் பாதி தின்னப்பட்டிருக்கிறது.

தண்டைத் திருகி உள்குழாயைக் கீழே இறக்கியபோது ஒரு டம்ளர் அளவு கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது இந்த டிரெய்லரைத் தாழங்குடாவில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் விட்டிருந்தேன். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்த அந்த இரண்டு மூன்று நாளும் ஜாக்கியின் கால் தண்ணீரில்தான் நின்றது. தண்ணீர் வடிந்ததும் சக்கர பேரிங் நான்கையும் பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். பலகைத் தளத்தைக் கழுவிக் காய வைத்தேன். ஜாக்கியை நினைக்கவே இல்லை. அது வெளியில் துளித் துரு இல்லாமல் பளபளவென்று இருந்தது.

இப்போது கேள்வி: நட்டில் மரை நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேரிங் எண் எதுவும் தெரியவில்லை, எப்படி வாங்குவது?

மேட்டுப்பாளையம் லேத்
செவ்வாய், இரவு 9.30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் டீசலில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரைப் பள்ளம் ஒவ்வொன்றையும் தேய்த்துத் துணியால் துடையுங்கள். பிறகு நட்டைத் தண்டில் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தி, மேலும் கீழுமாக ஆட்டுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. லொடலொட என்று ஆடி, நட்டின் மரை முனை கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அப்படியானால் லேத்தில் கன்மெட்டலில் (உருக்கைவிட மெதுவான ஒரு வகை வெண்கலம்) புது நட்டு கடையலாம். தண்டு எப்படியும் உருக்கு, அதனால் தேய்மானம் நட்டுக்குத்தான் போகும், தண்டு பிழைக்கும்.

பேரிங்குக்குத் தண்டின் கனத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள், பேரிங் உட்கார்ந்த பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும்கூட.

தேவனாம்பட்டினம்
புதன், மதியம் 1.10

நட்டு நன்றாக இருக்கிறது, ஆட்டம் மிகக் கொஞ்சம். தண்டு 19.05 மி.மீ. பள்ளம் 36 அகலம், 10 ஆழம்.

மேட்டுப்பாளையம் லேத்
புதன், மதியம் 2.00

19.05 என்றால் முக்கால் இஞ்ச், அமெரிக்க அளவு. நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 51104 என்ற எண் பேரிங். அது உள்ளே 20, வெளியே 35, உயரம் 10 மி.மீ. பள்ளத்துக்குச் சரியாக வரும். தண்டுக்கு மட்டும் ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. அப்படியே போட்டால் பேரிங் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபடி சக்கரம் சாயும். அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவான பித்தளைத் தகட்டைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வெட்டிப் போடுங்கள். அதன் மேல் பேரிங்கின் சின்னத் துளைத் தட்டு இறுக்கமாக உட்காரும். தட்டுகள் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் உள்துளை சின்னது எதுவோ அது தண்டோடு சுற்றுகிற பக்கம். பெரிய துளைத் தட்டு அசையாத பக்கம், பள்ளத்தில். பலர் இதை மாற்றிப் போட்டுவிட்டு, புதுப் பேரிங் சரியில்லை என்பார்கள்.

நெய்வேலி
புதன், மாலை 5.30

ஒரு சந்தேகம். 2000 பவுண்டு என்றால் 907 கிலோதான். இரண்டு குதிரையோடு டிரெய்லர் அதைவிட எடையாச்சே? 5000 பவுண்டு ஜாக்கி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

மேட்டுப்பாளையம் லேத்
புதன், மாலை 6.45

டிரெய்லரின் முழு எடையும் ஜாக்கி மேல் வராது சார், சக்கரங்கள்தான் சுமக்கின்றன. இந்த மாதிரி பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லரில் மூக்கின் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் என்று வைப்பார்கள். வெறும் டிரெய்லர் 1000 கிலோ, குதிரை இரண்டும் 400 வீதம் என்று வைத்தால் 1800. மூக்கில் 180 முதல் 270 கிலோ. குதிரையை இறக்கிய பிறகு இன்னும் கம்மி. நேராகக் கீழே வருகிற எடையில் இந்த ஜாக்கி சாகாது.

பக்கவாட்டு இழுப்பில்தான் சாகும். ஜாக்கியை முழுக்க ஏற்றாமல் வண்டியை எடுத்து, காலை வேகத்தடையில் இடிப்பது. கால் தரையில் இருக்கும்போதே டிரெய்லரைக் கையால் தள்ளித் திருப்புவது. மணலில் நேரடியாகக் காலை ஊன்றி, அது சாய்ந்து புதைய விடுவது. உள்குழாய் ஒரு மில்லி வளைந்தாலும் வெளிக்குழாயில் உரசும். உரசினால் கைப்பிடி கனக்கும். கனத்தால் இன்னும் பலமாகச் சுற்றுவோம். 5000 பவுண்டு போட்டாலும் இந்தப் பழக்கங்கள் மாறாவிட்டால் அதுவும் வளையும்.

வில்லியனூர் லாயம்
புதன், இரவு 7.10

ஜாக்கியின் காலை ஊன்ற நாங்கள் ஒரு தென்னம்பலகைத் துண்டு வைத்திருக்கிறோம், ஒரு முழ நீளம், இரண்டு அங்குலக் கனம். டிரெய்லரிலேயே கயிற்றில் கட்டித் தொங்கும். மழைக்கால மண்ணில் அது இல்லாமல் இறக்குவதே இல்லை.

முதுநகர் படகு
புதன், இரவு 8.05

துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சினும் வின்ச்சும் பார்க்கிறவன். கிரீஸ் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

கடலூரில் நம்முடைய எதிரி உப்புக்காற்று. கடைகளில் கிடைக்கிற சாதாரண லித்தியம் கிரீஸ் உள்ளூர் ஓட்டத்துக்குப் போதும், ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் என்று கேளுங்கள், எண் 2 கெட்டி. விலை கூடத்தான். ஒரு ஜாக்கிக்கு ஒரு கையளவு போதும், மீதியைச் சக்கர பேரிங்குக்கு வைக்கலாம். பழைய கிரீஸ் மேலே புது வகையை அப்பாதீர்கள். இரண்டு வகை சேர்ந்தால் சில சமயம் இளகி ஒழுகிவிடும். டீசலில் கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும்.

டபிள்யூடி 40 துருப் பிடித்ததை இளக்கத்தான். நிறைய பேர் அதையே மசகாக நினைத்து மாதாமாதம் ஜாக்கிக்குள் அடிக்கிறார்கள். அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டுக் காய்ந்துவிடும்.

தண்டு மரை முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். சக்கரப் பல்லுக்குத் தாராளமாக. பேரிங்கை உள்ளங்கையில் கிரீஸ் வைத்து அதில் அழுத்தி அழுத்தி, உருண்டைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கி வரும் வரை நிரப்புங்கள். உள்குழாயின் வெளிப்பக்கம் மட்டும் தடவவே வேண்டாம், லேசான எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். அங்கே கிரீஸ் இருந்தால் சில்வர் பீச் மணல் முழுக்க அதில் ஒட்டி எம்ரி பேப்பர் மாதிரி தேய்க்கும்.

அப்புறம் அந்த ஒரு டம்ளர் தண்ணீர். அடித்தட்டைப் பாருங்கள், வடிய ஓட்டை இருக்கிறதா? இருந்தால் மண் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறங்கள். இல்லையென்றால் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே வரும் தம்பி, படகிலும் அப்படித்தான். அது வெளியே போக வழி இருக்கிறதா என்பதை மட்டும் நாம் பார்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினம்
வெள்ளி, காலை 11.00

படகு அண்ணே, ஓட்டை இருந்தது. பெயின்ட்டும் சேறும் சேர்ந்து கல்லாக அடைத்திருந்தது. 4 மி.மீ. தான் இருந்தது, 6 ஆக்கிவிட்டேன், போட்ட இடத்தில் துத்தநாக பிரைமர் தொட்டு வைத்தேன். பேரிங்கும் ஸ்பிரிங் பின்னும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பித்தளைத் தகடு லேத்தில் வேலை செய்கிற நண்பன் கொடுத்தான். அந்த கிரீஸுக்குத்தான் இரண்டு கடை ஏறி இறங்கினேன். மழுங்கிய பல்லை மெல்லிய அரத்தால் பிசிறு எடுத்து விட்டேன். இன்று சாயங்காலம் கோக்கிறேன்.

மேட்டுப்பாளையம் லேத்
வெள்ளி, காலை 11.25

கோத்ததும் எடை இல்லாமல் முழு நீளமும் ஏற்றி இறக்குங்கள், மூன்று முறை. எங்காவது ஒரே இடத்தில் கனத்தால் குழாய் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தில் பிடிக்கிற மூன்று போல்ட்டுக்கும் புது ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம்
சனி, இரவு 9.15

முடிந்தது. மூன்று முறை முழுக்க ஏற்றி இறக்கினேன், எங்கும் கனக்கவில்லை. பத்துச் சுற்றுக்கு ஒரு இஞ்ச் ஏறுகிறது. பிறகு ஸ்டாண்டைக் கீழே காவலுக்கு விட்டு, பொலிரோவின் பந்திலிருந்து மூக்கை ஏற்றினேன். சத்தமே இல்லை. பேரிங் உருள்கிற மெல்லிய கரகரப்பு மட்டும் கைப்பிடி வழியாக விரலில் தெரிந்தது. ராத்திரி முழுக்க ஜாக்கி மேலேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். தரையிலிருந்து உயரம் 52 செ.மீ. என்று சட்டத்தில் சாக்பீஸால் குறித்திருக்கிறேன், காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க.

கைப்பிடி நுழைகிற ஓட்டைக்குப் பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் வட்டம் வெட்டிப் போட்டேன், குளவி வராமல் இருக்க. வில்லியனூர் அக்கா சொன்ன தென்னம்பலகையும் அறுத்தாயிற்று.

இனி ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால், மழை தொடங்கும் முன், மேல்மூடியைத் திறக்கிறதாகத் தீர்மானம். கடற்கரைக்குப் போய் வந்தால் ஜாக்கியின் காலை நல்ல தண்ணீரில் கழுவுவேன், ஆனால் பம்ப் வைத்து மூடி மேல் அடிக்க மாட்டேன்.

நெய்வேலி
சனி, இரவு 9.40

அந்தக் கடைக்காரர் சொன்ன மூன்று வாரம் என்ன ஆயிற்று? ஆர்டர் கொடுத்தீர்களா?

தேவனாம்பட்டினம்
ஞாயிறு, காலை 6.30

இல்லை சார், கொடுக்கவில்லை. அந்தக் காசில் பின் சக்கரத்துக்கு இரண்டு டயர் வாங்கப் போகிறேன். அந்தியூர் போக விழுப்புரம், சேலம் என்று நீண்ட ஓட்டம்.

இப்போதுதான் போய் அளந்தேன். 52 அப்படியே இருக்கிறது. டிரெய்லரைப் பொலிரோவில் மாட்டிய பிறகுதான் பெட்டையை ஏற்றினேன், அக்கா. சாய்பலகையில் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத் தானாகவே ஏறிவிட்டாள்.